வாடகை நிலுவை ஏறும்போது: இங்கிலாந்தில் அரசின் வாடகை உதவியையும் கடன் ஆலோசனையையும் பெறும் முறை

இங்கிலாந்தில் குறைந்த வருமானத்தோடு வாடகை வீட்டில் வாழும் குடும்பத்துக்கான உதவி நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. குறைந்த வருமானத்தினருக்கான மாதாந்த அரசு உதவித்தொகை யுனிவர்சல் கிரெடிட்; அதன் வாடகைப் பகுதியை வேலை, ஓய்வூதியத் துறையான டிடபிள்யூபி தருகிறது. அது போதாதபோது விண்ணப்பிக்க வேண்டிய இடம் உள்ளூராட்சி அமைப்பான கவுன்சில். கடன் ஆலோசனையைத் தொண்டு நிறுவனங்கள் வழங்குகின்றன. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு கவுண்டி நீதிமன்றத்தில் நடக்கிறது. இந்த நான்கும் தமக்குள் பேசிக்கொள்வது அரிது என்பதால், ஒரு இடத்துத் தகவலை இன்னொரு இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. 2024 முதல் விதிகள் பல வாடகையாளருக்குச் சாதகமாக மாறியிருந்தாலும், எதை முதலில் செய்வது என்ற வரிசை தவறினால் அந்த மாற்றங்களின் பலன் கைக்கு வராது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சில விதிகள் வேறுபடும்.

முதலில் விசாவைப் பாருங்கள். அரசு நிதியைப் பெற அனுமதியில்லை என்ற நிபந்தனை உள்ளவர்கள் யுனிவர்சல் கிரெடிட், கவுன்சில் வரிச் சலுகை போன்றவற்றுக்கு விண்ணப்பித்தால் குடிவரவு நிலைக்கே ஆபத்து வரலாம். குடும்பத்தில் ஒருவருக்கு அனுமதி இருந்து மற்றவருக்கு இல்லையெனில், விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரைக் கேட்க வேண்டும். கடன் ஆலோசனை பெறுவது அரசு நிதியில் சேராது. இதை அறியாமல், விசாவுக்குப் பயந்து அந்த உதவியையும் ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உண்டு.

வாடகைப் பகுதியைச் சரிபார்த்தல்

நிலுவையோடு வருவோரிடம் நல்ல ஆலோசகர் முதலில் கடனைக் கேட்பதில்லை, யுனிவர்சல் கிரெடிட் கணக்கறிக்கையைத்தான் கேட்பார். தனியார் வீட்டில் இருப்போருக்கு வாடகை முழுவதும் கிடைக்காது. லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற உச்ச வரம்பு வரைதான் கிடைக்கும். 2008இல் இது பகுதி வாடகையின் நடுமதிப்பைக் கொண்டு தொடங்கியது. 2011இல் மலிவான 30 விழுக்காட்டு வீடுகளின் அளவுக்குத் தாழ்த்தப்பட்டது. 2016 முதல் 2020 வரை உறைந்து கிடந்து, 2020இலும் 2024 ஏப்ரலிலும் மீண்டும் அந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரலில் உயரவில்லை. வாடகை ஆண்டுதோறும் ஏறும்போது இந்த வரம்பை மட்டும் நிறுத்தி வைப்பது, துண்டுவிழும் தொகையைக் கொள்கையாகவே உருவாக்குவதாகும். மற்றச் சீர்திருத்தங்கள் எத்தனை வந்தாலும் இது திருந்தாதவரை ஆலோசனை நிலையங்களில் வரிசை குறையாது என்பது என் எண்ணம்.

ஆயினும் வரம்புக்கு உட்பட்ட தொகையாவது முழுமையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு உரிமையாளர் வாடகையை உயர்த்தினால் அதை இணையக் கணக்கில் நீங்களே தெரிவிக்க வேண்டும். கவுன்சில் வீட்டிலோ, ஹவுசிங் அசோசியேஷன் என்ற லாபநோக்கற்ற வீட்டு அமைப்பின் வீட்டிலோ இருப்போருக்கு ஏப்ரலில் புதிய வாடகையை உறுதிசெய்யச் சொல்லும் குறிப்பு கணக்கில் தோன்றும். அதைக் கவனிக்காமல் விட்டால் பழைய வாடகைக்கே பணம் வந்துகொண்டிருக்கும். வீட்டில் தங்கியிருக்கும் 21 வயது நிறைந்த மகனோ, மைத்துனரோ வாடகைக்குப் பங்கு தருவதாகக் கருதி ஒரு தொகை கழிக்கப்படும். அவர் வீடு மாறிப் போனதும் அதைத் தெரிவித்துக் கழிவை நிறுத்த வேண்டும்.

அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நெருங்கிய உறவினரான உரிமையாளர் அதே வீட்டில் வசித்தால் வாடகைப் பகுதி கிடைக்காது. அவர் வேறு வீட்டில் வசித்து, வாடகையை உண்மையாகவே வசூலிக்கிறார் என்று காட்ட முடிந்தால் கிடைக்கும். வாய்ச்சொல்லால் ஏற்பட்ட வாடகை ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும்; ஆனால் கையில் காசாகக் கொடுத்த வாடகைக்கு ஆதாரம் இராது. அடுத்த மாதத்திலிருந்தாவது வங்கி வழியாகச் செலுத்தி, விவரத்தில் முகவரியையும் மாதத்தையும் எழுதுங்கள்.

யுனிவர்சல் கிரெடிட் முடிவு தவறென்று தோன்றினால், அது வெளியான ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். புதிதாக விண்ணப்பிப்போருக்கு முதல் பணம் வர ஏறத்தாழ ஐந்து வாரமாகும். இடையில் முன்பணம் கேட்கலாம். அது கடன், 24 மாதம் வரை பிடிப்பார்கள். மாதாந்த அடிப்படைத் தொகையில் 25 விழுக்காடு வரை பிடிக்கலாம் என்றிருந்த பொது வரம்பு 2025 ஏப்ரல் இறுதியில் 15 விழுக்காடாகக் குறைந்தது. வாடகை நிலுவைக்காக உரிமையாளர் கேட்டு நடக்கும் பிடித்தம் பற்றியும் அறிந்திருங்கள். வாடகையாளரின் கருத்தைக் கேளாமல் அதை ஏற்பது சட்டப்படி தவறு என்று 2025 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அப்படியொரு பிடித்தம் கணக்கறிக்கையில் திடீரெனத் தோன்றினால் உடனே கணக்குக் குறிப்பில் எழுதிக் கேள்வி கேளுங்கள்.

துண்டுவிழும் தொகைக்குக் கவுன்சிலிடம்

எடுத்துக்காட்டாக, வாடகை 1,900 பவுண், கிடைப்பது 1,500 பவுண் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 400 பவுண் பள்ளம். இதற்காக இருந்தது டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட் என்ற கவுன்சில் உதவித்தொகை. இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து இது நெருக்கடி, மீள்திறன் நிதி என்ற புதிய ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் விண்ணப்பம் கவுன்சிலுக்குத்தான். பணம் கட்டாயமாகத் தர வேண்டியதன்று. கவுன்சில் தன் விருப்பப்படி, பெரும்பாலும் சில மாதங்களுக்குத் தரும்.

ஆகவே விண்ணப்பத்தில் வறுமையை விவரிப்பதைவிட, இந்தப் பணம் கிடைத்தால் அந்தக் காலத்துக்குள் என்ன மாறும் என்று எழுதுவதே பலிக்கும். பிள்ளை பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வை ஜூனில் முடிக்கிறான், அதன்பின் வாடகை குறைந்த பகுதிக்கு மாறத் தேடுகிறோம். மனைவிக்கு வேலை நேரம் கூடப்போகிறது, முதலாளியின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. தாயாரின் டயாலிசிஸ் வாரம் மூன்று முறை இந்த மருத்துவமனையில்தான் நடக்கிறது, தூரம் போக இயலாது. இப்படி ஆதாரத்தோடு எழுதிய ஒரு பக்கம், மூன்று பக்க மன்றாட்டை விட வலுவானது. மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். கவுன்சில் வரிச் சலுகைக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். அது யுனிவர்சல் கிரெடிட்டோடு தானாக வருவதில்லை, தனி விண்ணப்பம்.

கடன் ஆலோசகரிடம் செல்லும் முன்

எல்லாக் கடனும் ஒரே எடை அன்று. வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு, நீதிமன்ற அபராதம் ஆகியவை முன்னுரிமைக் கடன்கள்; கட்டாவிட்டால் வீடோ, வெளிச்சமோ, சில வேளை விடுதலையோ போகும். கடனட்டைக்காரர் நாளுக்கு ஐந்து முறை அழைப்பதாலும், உரிமையாளர் தமிழர் என்பதால் பொறுத்துக்கொள்வார் என்று நம்புவதாலும், வாடகைப் பணம் கடனட்டைக்குப் போய்விடுகிறது. அதிகம் சத்தம் போடுபவர் அதிக அதிகாரம் உள்ளவர் அல்லர்.

ஆலோசனைக்குப் பணம் கேட்பவரிடம் போக வேண்டியதில்லை. ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியவை இலவசமாகச் செய்கின்றன. மூன்று மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, கடன் கடிதங்கள், யுனிவர்சல் கிரெடிட் அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள்; பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால், பெற்றோர் உண்மைத் தொகையைச் சொல்லத் தயங்குவார்கள்.

அப்படித் தயக்கத்தில் விடுபடுபவை ஊருக்கு அனுப்பும் பணமும் சீட்டும்தான். பிடித்து, இன்னும் எடுக்காத சீட்டில் கட்டிய பணம் உங்கள் சொத்து. எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பது கடன். சீட்டு எடுத்த பணத்தால் வங்கி இருப்பு 6,000 பவுணைத் தாண்டினால், அதற்கு மேலான ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் யுனிவர்சல் கிரெடிட்டில் குறையும்; 16,000 பவுணைத் தாண்டினால் முழுவதும் நின்றுவிடும். உரிமம் இல்லாமல் வட்டிக்காசு கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவர் நீதிமன்றம் வழியாக அதை வசூலிக்க முடியாது என்பதையும், மிரட்டினால் குற்றவாளி அவர்தான் என்பதையும் ஆலோசகரிடம் பேசும்போது நினைவில் வையுங்கள்.

2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிரீதிங் ஸ்பேஸ் என்ற அவகாசம் உள்ளது. இதை நீங்களாக எடுக்க முடியாது. ஆலோசகரே பதிவுசெய்ய வேண்டும். பதிவான 60 நாட்களுக்குப் பழைய கடன்களுக்கு வட்டியும் கட்டணமும் ஏறாது, வசூல் நடவடிக்கை நிற்கும், வாடகை நிலுவையைக் காரணம் காட்டி வெளியேற்ற அறிவித்தல் கொடுக்கவும் முடியாது. மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுவோருக்கு அந்தச் சிகிச்சை முடிந்து 30 நாள் வரை நீளும். ஆனால் அந்த 60 நாட்களில் வரும் புதிய வாடகையைக் கட்டியே ஆக வேண்டும். 25ஆம் நாளுக்கும் 35ஆம் நாளுக்கும் இடையில் ஆலோசகர் சரிபார்க்கும்போது கட்டாமல் இருந்தால் அவகாசமே ரத்தாகலாம். 12 மாதத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும் என்பதால், யுனிவர்சல் கிரெடிட்டையும் கவுன்சில் விண்ணப்பத்தையும் முதலில் அனுப்பிவிட்டு இதைத் தொடங்குவது நல்லது. அவற்றின் பதில்கள் இந்த 60 நாட்களுக்குள் வந்து சேர வாய்ப்புண்டு.

கடன் 50,000 பவுணுக்குள் இருந்து, செலவு போக மிஞ்சுவது மாதம் 75 பவுணுக்குள்ளும் சொத்து 2,000 பவுணுக்குள்ளும் இருந்தால் கடன்களைத் தள்ளுபடி செய்யும் டெட் ரிலீஃப் ஆர்டர் என்ற ஆணையைப் பெறலாம். 2024 ஏப்ரலில் இதன் 90 பவுண் கட்டணம் நீக்கப்பட்டது. 4,000 பவுண் வரை மதிப்புள்ள காரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்; நகை சேரும். உறவினரிடம் வாங்கியதையும் பட்டியலில் எழுதியே ஆக வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அவருக்கு மட்டும் தீர்த்துக் கொடுப்பது விண்ணப்பத்தையே கெடுக்கும். இந்த ஆணையில் வாடகை நிலுவையும் தள்ளுபடியாகும், ஆனால் அதே நிலுவைக்காக வீட்டைத் திரும்பக் கேட்டு உரிமையாளர் நீதிமன்றம் போகத் தடை இல்லை. நிலுவையோடு இருப்பவர் ஆலோசகரிடம் இதை நேராகக் கேட்டுத் தெளிய வேண்டும்.

அறிவித்தல் வந்துவிட்டால்

2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம், தனியார் வாடகையாளருக்கு 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. காரணமே சொல்லாமல் வெளியேற்ற இடம்தந்த பழைய சட்டத்தின் 21ஆம் பிரிவு அதோடு ஒழிகிறது. நீதிபதி கட்டாயமாக வெளியேற்ற ஆணையிட வேண்டிய நிலுவை இரண்டு மாதத்திலிருந்து மூன்று மாதமாகவும், அறிவித்தல் காலம் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாகவும் கூடுகின்றன. யுனிவர்சல் கிரெடிட் இன்னும் வந்து சேராததால் மட்டுமே கட்ட முடியாத வாடகை அந்த மூன்று மாதக் கணக்கில் சேராது. இதற்காகவே, விண்ணப்பித்த நாளைக் காட்டும் திரைப் பிரதியை (ஸ்கிரீன்ஷாட்) சேமித்து வையுங்கள்.

அறிவித்தல் கைக்கு வந்த அன்றே இரண்டு இடங்களுக்குச் சொல்லுங்கள். 56 நாட்களுக்குள் வீடிழக்கும் அபாயம் உள்ளவருக்கு உதவக் கவுன்சிலின் வீடிழப்புப் பிரிவு கடமைப்பட்டது. ‘வெளியேற்றிய பிறகு வாருங்கள்’ என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, 2023 ஆகஸ்டில் தொடங்கிய வீடிழப்புத் தடுப்பு ஆலோசனைச் சேவை. அறிவித்தல் பெற்ற எவருக்கும், வருமானத்தைப் பாராமல், வழக்குக்கு முன்னான சட்ட ஆலோசனையும் விசாரணை நாளில் நீதிமன்றத்திலேயே வழக்கறிஞரும் கட்டணமின்றிக் கிடைக்கும். விசாரணைக்குப் போகும்போது யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்பத் தேதி, கவுன்சிலின் பதில், பிரீதிங் ஸ்பேஸ் கடிதம், நிலுவையை மாதம் எவ்வளவு வீதம் அடைப்போம் என்ற ஒரு வரி ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, அரை மணி நேரம் முன்னதாகவே போய் நீதிமன்றக் கடமை வழக்கறிஞரிடம் கொடுங்கள்.