கடை திறந்ததும் 20 நிமிடம்

மதுரை சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகையைக் கணினியில் தட்டி வடிவமைக்கும் டிடிபி வேலை எனக்கு. பல வருஷமாக இரண்டு விரலால்தான் தட்டினேன். ஆவணி முகூர்த்தம் வந்தால் கழுத்துவலியும் கூடவே வந்துவிடும். சரி என்று, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'ம' இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' சட்டென்று வந்துவிடும்.

தினமும் கடை திறந்ததும் 20 நிமிடம், விசைகள் கண்ணில் படாமலிருக்கக் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பழகினேன். முதல் இரண்டு வாரம் பழையதைவிட மெதுவாகத்தான் ஓடியது. பலர் விட்டுவிடுவது அங்கேதான், விடாதீர்கள். அவசர வேலைகளை மட்டும் பழைய முறையில் முடித்தேன். நாலாம் மாதம், வாடிக்கையாளர் சொல்லச் சொல்லத் திருப்பரங்குன்றம், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் எல்லாம் விசையைப் பார்க்காமலே விழுந்தன. இப்போது அதே 20 நிமிடத்தில் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளைப் படிக்கிறேன்.