புதிய தடுப்பாட்ட வீரர் வந்ததும் எதைப் பார்த்துப் பேசுவது?

ஒரு கால்பந்து கிளப் புதிய ஸ்ட்ரைக்கரை வாங்கினால் ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசுவது எளிது, ஏனெனில் கோல் கணக்கு எல்லோருடைய கண் முன்னும் இருக்கிறது. தடுப்பாட்ட வீரருக்கு அப்படிப்பட்ட கணக்கு எதுவும் இல்லை. அவர் தம் வேலையை முழுமையாகச் செய்த நாளில் எதிரணிக்கு வாய்ப்பே அமைவதில்லை. அமையாத வாய்ப்பை யாரும் எண்ணுவதும் இல்லை. அதனால்தான் இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப் ஒன்று டிஃபெண்டரை, அதாவது தடுப்பாட்ட வீரரை, வாங்கும்போதெல்லாம் விலையையும் உயரத்தையும் ஐந்து நிமிட வீடியோ தொகுப்பையும் வைத்தே வாதங்கள் எழுகின்றன. இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு வேறு சிலவற்றைக் கவனித்தால், நம் கிளப் செய்த ஒப்பந்தம் சரியானதா என்பதைப் பொறுப்போடு பேச முடியும்.

வரப்போகும் வீரரைப் பார்ப்பதற்கு முன்பு, நம் அணி கடந்த சில மாதங்களில் வாங்கிய (எதிரணிக்கு விட்டுக்கொடுத்த) கோல்களைத் திரும்பப் பாருங்கள். கார்னரிலும் பக்கவாட்டிலிருந்து வந்த கிராஸிலும் விழுந்தவை எத்தனை, தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஓடியவர்கள் அடித்தவை எத்தனை, நம் வீரர்களே பின்களத்தில் பந்தைப் பறிகொடுத்ததால் வந்தவை எத்தனை என்று பிரித்து எழுதிக்கொண்டால், அணிக்கு எத்தகைய டிஃபெண்டர் தேவை என்பது தெரிந்துவிடும். 2017 இலையுதிர்காலத்தில் லிவர்பூல் ரசிகர்களுக்கு இது மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அக்டோபரில் வெம்பிளியில் டாட்டன்ஹாமிடம் 4-1 எனத் தோற்ற ஆட்டத்தில் லிவர்பூலின் டிஃபெண்டர் டேயான் லோவ்ரன் 31-ஆவது நிமிடத்திலேயே வெளியே அழைக்கப்பட்டார். நவம்பரில் ஸ்பெயின் கிளப்பான செவியாவுக்கு எதிராக இடைவேளையின்போது 3-0 என முன்னிலையில் இருந்த அணி, ஆட்டத்தை 3-3 என முடித்தது. உயரப் பந்தை வெல்லக்கூடிய, பதற்றமான நேரத்தில் பின்வரிசையை வழிநடத்தக்கூடிய ஒருவர் இல்லை என்பதே அங்கிருந்த குறை. 2018 ஜனவரியில் சவுத்தாம்ப்டனிலிருந்து விர்ஜில் வான் டைக்கை 7.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் வாங்கியபோது, ஒரு டிஃபெண்டருக்கு அதுவரை யாரும் கொடுத்திராத அந்தத் தொகையைப் பலர் கேலி செய்தார்கள். குறையையும் அதற்குத் தேடிய மருந்தையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்கவில்லை.

அந்த ஒப்பந்தத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, 2017 ஜூனில், அவரை அணுகிய விதத்துக்காக லிவர்பூல் சவுத்தாம்ப்டனிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, அவரை வாங்கும் முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கிளப்பின் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை, வருவார் என்பதும் வரமாட்டார் என்பதும் வெறும் பேச்சுதான்.

அடுத்து, வீடியோ தொகுப்புகளை விட்டுவிட்டு, புதிதாக வரும் வீரருடைய பழைய அணியின் ஓர் ஆட்டத்தை முழுவதுமாகப் பாருங்கள். முடிந்தால் அந்த அணி தோற்ற ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பந்து எங்கே போகிறது என்பதை மறந்து, அவரை மட்டும் பின்தொடருங்கள். பந்து எதிரணியின் பாதியில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறாரா, தோளுக்குப் பின்னால் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார், தம்மை நோக்கி ஒருவர் பந்தோடு ஓடி வரும்போது அவசரப்பட்டுக் காலை நீட்டுகிறாரா அல்லது பின்வாங்கிக் காத்திருக்கிறாரா என்பவையெல்லாம் அப்போதுதான் புலப்படும். டேக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணிக்கை அதிகமாக இருப்பதை மட்டும் வைத்து ஒருவரைப் புகழ்ந்துவிடாதீர்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனதால் கடைசி நொடியில் சறுக்கி விழுந்து தடுக்க வேண்டியவருக்கும் அந்த எண்ணிக்கை கூடும். பெரும்பாலான நேரம் பந்து இல்லாமலே ஆடும் அணியில் இருப்பவருக்கும் கூடும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று, 2019 மார்ச் 31 அன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த லிவர்பூல்–டாட்டன்ஹாம் ஆட்டம். ஸ்கோர் 1-1, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. டாட்டன்ஹாமின் மூசா சிசோக்கோ பந்தோடு ஓடி வருகிறார். அவருடன் சான் ஹியூங்-மின்னும் ஓடி வருகிறார். எதிரே வான் டைக் மட்டும். வான் டைக் பந்தைப் பறிக்கப் பாயவில்லை. கோல் அடிப்பதில் இருவரில் ஆபத்தானவர் சான் என்பதால் அவருக்குப் பந்து போகும் வழியை உடலால் மறைத்தபடியே பின்வாங்கினார். பாஸ் கொடுக்க வழியின்றி, தமக்குப் பழக்கமில்லாத இடது காலால் சிசோக்கோ அடிக்க வேண்டியதாயிற்று; பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. சற்று நேரத்தில் டாட்டன்ஹாம் வீரர் டோபி ஆல்டர்வைரெல்டின் சொந்த கோலால் (தம் அணியின் வலைக்குள்ளேயே பந்து போனதால்) லிவர்பூல் 2-1 என வென்றது. அந்தத் தடுப்பில் டேக்கிள் இல்லை, இடைமறிப்பு இல்லை. ஆனால் ஒரு டிஃபெண்டரை எதற்காக வாங்குகிறார்கள் என்று யாராவது கேட்டால், அந்தச் சில நொடிகளைக் காட்டினால் போதும்.

விலையைப் பற்றிப் பேசும்போது நியாயத்தோடு பேச வேண்டும். விலையை நிர்ணயிப்பவை இரண்டு கிளப்புகள், வீரர் அல்ல. 2019 ஆகஸ்டில் 8 கோடி பவுண்டுக்கு லெஸ்டரிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த ஹாரி மக்வயரை அந்தத் தொகை விடாமல் துரத்தியது. 2018–19 சீசனில் லீக்கில் 54 கோல்கள் வாங்கிய யுனைடெட், அவர் வந்த அடுத்த சீசனில் 36 கோல்கள் மட்டுமே வாங்கியது. இந்த முன்னேற்றத்தை முழுக்க அவர் கணக்கில் சேர்ப்பதும் தவறு. அதே கோடையில்தான் ரைட் பேக்காக (வலப்பக்கத் தடுப்பாட்ட வீரராக) ஆரோன் வான்-பிஸாக்கா வந்தார். லிவர்பூல் வாங்கிய லீக் கோல்கள் 2017–18-இல் 38 ஆக இருந்து அடுத்த சீசனில் 22 ஆகக் குறைந்ததற்கும் 2018 ஜூலையில் வந்த கோல்கீப்பர் அலிசனுக்குப் பங்கு உண்டு. பின்களம் என்பது கோல்கீப்பரும் நான்கைந்து பேரும் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பு. ஒருவரை மட்டும் பிரித்தெடுத்துப் பாராட்டினாலும் பழித்தாலும் பாதி உண்மைதான் கிடைக்கும். குறைந்த விலையையும் இப்படித்தான் அணுக வேண்டும்: 2017-இல் ஹல் சிட்டியிலிருந்து சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு வந்த ஆண்டி ராபர்ட்சன், உலகின் சிறந்த லெஃப்ட் பேக்குகளில் (இடப்பக்கத் தடுப்பாட்ட வீரர்களில்) ஒருவராக உயர்ந்தார்.

உயரத்தைப் பற்றிய வாதத்துக்கு 2022-இல் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிய லிசாண்ட்ரோ மார்டினெஸ் ஒருவரே பதில். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள சென்டர் பேக் (நடுவில் ஆடும் தடுப்பாட்ட வீரர்) பிரீமியர் லீக்கில் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று அப்போது பலரும் தீர்ப்பு எழுதினார்கள். பிரென்ட்ஃபோர்டிடம் யுனைடெட் 4-0 எனத் தோற்ற அந்த ஆகஸ்ட் ஆட்டத்தில் அவர் இடைவேளையோடு மாற்றப்பட்டதும் அந்தத் தீர்ப்பு உறுதியானதாகவே தோன்றியது. அந்தச் சீசனிலேயே அவர் ரசிகர்களின் பெரும் அபிமானத்தைப் பெற்றார். ஆகவே அறிமுக ஆட்டங்களை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. 2006 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக யுனைடெட்டுக்காக அறிமுகமான பட்ரீஸ் எவ்ராவும் 3-1 என அணி தோற்ற அந்த ஆட்டத்தில் இடைவேளையோடு மாற்றப்பட்டவர்தான். பின்னர் அவர் யுனைடெட்டுடன் ஐந்து லீக் பட்டங்களை வென்றார்.

விமர்சிக்கும்போது ஆட்டத்தை விமர்சியுங்கள், ஆளைத் தாக்காதீர்கள். 2022 ஜூலையில் மெல்போர்னில் நடந்த நட்பு ஆட்டமொன்றில் மக்வயர் பந்தைத் தொட்டபோதெல்லாம் ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். தம் அணியின் வீரர் ஒருவர் பாஸ் கொடுக்கவே தயங்கும் நிலையை உருவாக்குவது எந்த வகையிலும் ஆதரவாகாது.

ஒரு சீசனாவது கழிந்தபின், புதிய வீரர் இல்லாதபோது அணிக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். என் கருத்தில் இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை. ஆர்சனல் 2019-இல் வாங்கிய வில்லியம் சாலிபா, மூன்று பிரெஞ்சு கிளப்புகளில் கடனாக (தற்காலிகமாக) ஆடிவிட்டு, 2022 ஆகஸ்டில்தான் ஆர்சனலுக்காக முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்கினார். அந்தச் சீசனில் லீக்கின் முதலிடத்தில் இருந்த ஆர்சனல், மார்ச்சில் அவர் முதுகுக் காயத்தால் விலகியபின், ஏப்ரலில் லிவர்பூல், வெஸ்ட் ஹாம், சவுத்தாம்ப்டன் ஆகிய மூன்று அணிகளுடனும் தொடர்ச்சியாக டிரா செய்து, இறுதியில் இரண்டாமிடத்தில் முடித்தது. இந்த அளவுகோலைப் பயன்படுத்தும்போதும் அவரோடு வேறு யார் இல்லாமல் போனார்கள் என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்: சாலிபா காயமடைந்த அதே ஸ்போர்ட்டிங் லிஸ்பன் ஆட்டத்தில்தான் இன்னொரு டிஃபெண்டரான டகேஹிரோ டோமியாசுவையும் ஆர்சனல் இழந்தது.