உங்கள் வட்டாரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

"எங்க பேட்டை ரொம்ப முன்னேறிடுச்சு" என்று காப்பிக்கடையில் யாராவது சொன்னால், "யாருக்கு?" என்று கேளுங்கள். அதற்கு எண்களில் பதில் தேட ஒரு எக்செல் தாளும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

முதலில் எல்லை. நகரத் திட்டமிடலுக்காகச் சிங்கப்பூரை 55 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பிடோக், ஈசூன், உட்லண்ட்ஸ் என்று உங்களுக்குப் பழகிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகள் புள்ளிவிவரத் துறையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அப்புறம் வருமானம். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். ஐந்து வீடுகளின் மாத வருமானம் 3,000, 4,000, 5,000, 6,000, 32,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10,000! நான்கு வீடுகள் அதன் பக்கம்கூடப் போகவில்லை. நடுவில் நிற்கும் 5,000தான் உண்மைக்கு நெருக்கம். அட்டவணையில் வருமானம் படிப்படியாகப் பிரிந்திருக்கும். கீழ்ப்படியிலிருந்து வீடுகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தில் பாதியைத் தொடும் படியில்தான் இடைநிலை வருமானம் இருக்கிறது.

ஆண், பெண் தனித்தனியாக உள்ள அட்டவணை கிடைத்தால் அதையே எடுங்கள். நாடு முழுவதற்குமான ஒரு கணக்கைப் பாருங்கள்: 2018இல் முழுநேர ஊழியர்களிடையே ஆண், பெண் சம்பள இடைவெளி 16.3%. வயது, படிப்பு, தொழில், வேலை நேரம் முதலியவற்றில் ஒத்த ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால் 6%. சிறிய எண்ணைக் காட்டி "பிரச்சினையே இல்லை" என்பவர்கள் உண்டு. சம்பளம் குறைந்த தொழில்களில் பெண்கள் ஏன் அதிகம் என்ற கேள்வி மிச்சப் பத்து விழுக்காட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள்.

சரி, அட்டவணையில் இல்லாதவர்கள்? 2020இல் மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன். அட்டவணையில் வரும் குடியிருப்பாளர்கள், அதாவது குடிமக்களும் நிரந்தரவாசிகளும், 4.04 மில்லியன்தான். தங்குவிடுதி ஊழியர்களும் வீட்டுப் பணிப்பெண்களும் மீதியில் அடக்கம். உங்கள் தாளின் தலைப்பிலேயே "குடியிருப்பாளர்கள் மட்டும்" என்று குறித்துவிடுங்கள்.

கடைசியில் கீழே இறங்கி நடக்க வேண்டும். பழைய புளோக்குகளில் ஒரு காலத்தில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நிற்கும். அங்கிருந்த பாட்டிமாரின் சிரமம் எந்த வருமான அட்டவணையிலும் வந்ததில்லை. எங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குக் கைபேசி வரைபடம் 6 நிமிடம் என்றது. சந்தைத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு அத்தை வந்தபோது 14 நிமிடம். நடுவில் நான்கு படிக்கட்டுகள். சாய்தளத்துக்குச் சுற்றித்தான் வர வேண்டும். என் தாளில் இப்போது இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை இருக்கிறது.