துருப்பிடித்த ஆணியில் ஒரு கருப்பு

எட்டு வருடம் நெல்வயல்களையே வரைந்தேன், அக்ரிலிக் சாயத்தில். ஒரு கோடையில், தூரிகை கழுவிய தண்ணீர் கொல்லை வாழையடியில் தேங்கிக் காய்ந்திருந்தது. மண்மேல் பச்சையாக ஒரு தோல். விரலால் பிடித்தால் உரிந்து வந்தது. அக்ரிலிக் பிளாஸ்டிக்தானே. வயலை வரைகிறேன் என்று வாழைக்குப் பிளாஸ்டிக் ஊற்றியிருக்கிறேன்.

அப்போது நினைவுக்கு வந்தவர் ஆக்னஸ் டெனிஸ். 1982இல் மன்ஹாட்டனில், உலக வர்த்தக மையத்தின் அருகே, இடிபாடும் மண்ணும் கொட்டி மேடாக்கிய 2 ஏக்கரில் கோதுமை விதைத்து, 450 கிலோவுக்கு மேல் அறுத்த கலைஞர். எனக்கு நிலமில்லை, அடுக்களை இருந்தது. துணியில் எழுதுகோலால் இயற்கைச் சாயம் கொண்டு வரையும் கலைதான் கலம்காரி. அதன் கருப்பு மைக்கு வேண்டிய சரக்கில் பாதி அங்கேயே கிடக்கிறது என்பது, கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தாமதம்தான்.

நீங்களும் செய்யலாம். பழைய இரும்புக் கடையில் அரைக் கிலோ துருப்பிடித்த ஆணி வாங்குங்கள். துத்தநாகம் பூசியது ஆகாது. மண்பானையில் போட்டு, 100 கிராம் கருப்பட்டியைத் தட்டிச் சேர்த்து, 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் வேடு கட்டி நிழலில் வையுங்கள். நான் முதல்முறை புத்திசாலித்தனமாகக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடினேன். ஐந்தாம் நாள் இரவு வெடித்தது. புளிக்கும்போது காற்று வெளியேற வழி வேண்டும். சுமார் மூன்று வாரத்தில் நுரை அடங்கும். கருப்பட்டி புளித்து உண்டான அமிலத்தில் இரும்பு கரைந்திருக்கும். வடிகட்டுங்கள். பார்க்க அழுக்குத் தண்ணீர் போலத்தான் இருக்கும், ஏமாற வேண்டாம்.

அதைக் கருப்பாக்குவது கடுக்காய். "கடுக்காய்க்கு அகணி நஞ்சு" என்பார்கள்; மருந்தைப் போலவே இங்கும் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் இடியுங்கள். துவர்ப்பெல்லாம் தோலில்தான். ஒரு மீட்டர் கோரா பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் கடுக்காய்த் தூளை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வடித்து, கால் லிட்டர் எருமைப்பால் கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து வெயிலில் போடுங்கள். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அதுதான் மை பரவாமல் கோட்டைப் பிடித்து நிறுத்துகிறது. பசும்பாலில் செய்து பார்த்தேன், கோடு கொஞ்சம் கசிந்தது. காயும் துணிக்குக் காவல் அவசியம். என் முதல் துணியின் ஒரு மூலை பக்கத்து வீட்டு ஆட்டின் வயிற்றில் இருக்கிறது.

மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, சற்று மேலே துணியைச் சுற்றி நூலால் கட்டினால் எழுதுகோல். மையில் தோய்த்து, துணிச்சுற்றை இலேசாக அழுத்திக்கொண்டே வரையுங்கள். கோடு முதலில் வெளிறித் தெரியும். துவர்ப்பும் இரும்பும் சேரச் சேர, கண்ணெதிரே கருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூசாதீர்கள், இரும்பு மிகுந்தால் துணி நாளடைவில் இற்றுப்போகும். ஒரு நாள் உலரவிட்டு நிறைய தண்ணீரில் அலசுங்கள்.

வடிகட்டியபின் ஆணிகளை எறிய வேண்டாம். பழைய மையில் ஒரு டம்ளர் விட்டு, கருப்பட்டியும் தண்ணீரும் சேர்த்தால் அடுத்த பானை சீக்கிரமே புளிக்கத் தொடங்கும். என்னுடையது இப்போது ஏழாவது.