திண்ணைத் தூணின் அடி உளுத்துப்போனால்

மேலூர், சோழவந்தான் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தேக்குத் தூண் பெரும்பாலும் அடியிலிருந்துதான் கெடும். பின்னாளில் போட்ட சிமென்ட் தளமே முக்கியக் காரணம். திண்ணை கழுவும் தண்ணீரும் சாரலும் தூணுக்கும் சிமென்டுக்கும் நடுவே இறங்கும், காய வழியிருக்காது. பிறகு கரையான் ஏறும். இங்கிலாந்தில் ஓக் மரச்சட்டங்களால் கட்டிய பண்ணை வீடுகளும் இப்படித்தான் கெட்டன: சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் பூசிய சுவர்களில் அடிச்சட்டம் உள்ளுக்குள்ளேயே மக்கியது. அங்குள்ள தச்சர்களின் வைத்தியம் இங்கேயும் பலிக்கும். கெட்டதை மட்டும் அறுத்துவிட்டு, அதே சாதி மரத்தில் ஒட்டுப் போடுவார்கள்.

மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அடியிலிருந்து மேலே குத்திக்கொண்டே போங்கள். முனை இறங்காத இடத்துக்கு மேலே இன்னும் அரை அடி விட்டுக் கோடு போடுங்கள்.

தூணுக்கு மேலுள்ள ஓடுகளை இறக்கிவிட்டு, உத்திரத்துக்கு இருபுறமும் ஜாக்கி முட்டுக் கொடுங்கள். ஜாக்கிக்கு மேலேயும் கீழேயும் பலகை வேண்டும். பாரம் தூணை விட்டால் போதும், 2 அல்லது 3 மில்லிமீட்டர். ஆசைப்பட்டுத் தூக்கினால் சுவர் வெடிக்கும். மிஞ்சும் மேல்தூணை உத்திரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

பழைய தூணும் புதுத் துண்டும் கவ்விக்கொள்ளும் ஒட்டின் நீளம் தூணின் கனத்தைப் போல மூன்று மடங்கு: 6 அங்குலத் தூணுக்கு 18 அங்குலம். இரு துண்டிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி ஒன்றையொன்று கவ்வ வையுங்கள். பாரத்தைச் சுமப்பவை ஒட்டின் இரண்டு முனைகளிலும் உள்ள தோள்கள், அதாவது குறுக்கே வெட்டிய படிகள். போல்ட் வெறும் பிடிமானம்தான். ஒரு தோள் மட்டும் உட்கார்ந்து மற்றது படாமல் நின்றால் மரம் நீளவாக்கில் பிளந்துவிடும். ஒரு பக்கம் சாக்பீஸ் தேய்த்து, சேர்த்துப் பிரித்துப் பாருங்கள். படாத இடம் தெரியும். பொறுமையாக இழைக்க வேண்டிய வேலை இது ஒன்றுதான், ஆசாரியை அவசரப்படுத்தாதீர்கள்.

புதுத் துண்டுக்கு இடித்த வீட்டின் பழைய தேக்கே நல்லது. வெளிப்புற வெள்ளை மரம் இல்லாமல், வைரம் பாய்ந்த நடுப்பகுதியாகப் பார்த்து எடுங்கள். பச்சை மரம் காயும்போது சுருங்கி, ஒட்டு வாய் திறக்கும். இரும்பு போல்ட் துருவேறி ஊதும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு போதும்.

துண்டைச் சேர்த்த பிறகே கீழே கருங்கல்லை நுழையுங்கள். அந்தக் கல், தளத்துக்கு மேலே 6 அங்குலம் நிற்கட்டும். மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஈயத் தகடு. இரு ஜாக்கியையும் மாறி மாறி அரைச் சுற்றாக இறக்குங்கள். பழைய சிமென்டைக் கொத்தி எடுத்து, கல்லைச் சுற்றிச் சுண்ணாம்புக் காரை பூசி, திண்ணைக்கு வெளிப்புறமாக அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும். தை பிறந்ததும் போல்ட்டை ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.