ஃபின்னியச் சொல்லின் பூர்வீகத்தை ஆராயும் முறை

பின்லாந்து நாட்டு மொழியான ஃபின்னியத்தில் ஒரு சொல்லின் பூர்வீகத்தை அறிய விரும்புபவர், அகராதியில் தலைச்சொல்லாகக் காணும் வடிவத்தை அப்படியே எடுத்து ஒப்பிடத் தொடங்கக் கூடாது. வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய ஒலி பெரும்பாலும் அங்கேதான் தங்கியிருக்கும். தண்ணீரைக் குறிக்கும் 'வெசி'யில் சகரம் இருக்க, 'தண்ணீராக' என்னும் பொருளுடைய 'வெதெனா'வில் தகரம் நிற்கிறது. இறுதி இகரத்தின் முன் தகரம் சகரமாகத் திரிந்ததால், அடிச்சொல் 'வெதெ' என்பது தெளிவாகும்.

அடுத்து உறவுமொழிகளைப் பக்கத்திலிருந்து தொலைவு நோக்கிப் பார்க்க வேண்டும்: எஸ்தோனியம், ஸ்காண்டிநேவிய வடகோடியின் சாமி, ரஷ்யாவின் மொர்த்வின், கடைசியாக ஹங்கேரியம்.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையேறித் தாளவாடிக்குப் போய்வருபவர்களுக்கு இந்த ஒப்பீட்டின் சூட்சுமம் காதிலேயே இருக்கிறது. நம் பால் அங்கே கன்னடத்தில் 'ஹாலு', புலி 'ஹுலி', பத்து 'ஹத்து'. சொல்லின் முதலில் வரும் பகரம் வரிசையாக ஹகரமாகிறது. அவ்வாறே ஃபின்னியத்தின் 'கலா' (மீன்) ஹங்கேரியத்தில் 'ஹல்' ஆகவும், 'கொல்மெ' (மூன்று) 'ஹாரொம்' ஆகவும் வருகின்றன. ஆனால் எகரம், இகரம் போன்ற உயிர்களின் முன் ககரம் மாறுவதில்லை. 'கேசி' (கை) அங்கே 'கேஸ்' என்றே நிற்கிறது. விதியோடு அதன் வரம்பையும் குறித்துக்கொள்வது கட்டாயம்.

கலாவுக்குக் கயல், கேசிக்குக் கை என்று நம்மவர் பூரித்துப்போவதுண்டு. கால்டுவெலும் 1856-இல் திராவிட மொழிகளை, ஃபின்னியம், துருக்கியம் முதலியவற்றை அடக்கி அவர் 'சித்திய' மொழிகள் என்றழைத்த தொகுதியோடு உறவுபடுத்தினார். அக்கருத்து இன்றுவரை நிறுவப்படவில்லை. இரண்டு சொற்கள் ஒத்திருந்தால் போதாது. ஒரே விதி பல சொற்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

கடன்சொல்லையும் சோதிக்க வேண்டும். சுத்தியலைக் குறிக்கும் 'வசரா', ஈரானிய, சமஸ்கிருத மொழிகளின் முன்னோர் வழியினரிடமிருந்து ஃபின்னியர் பெற்ற சொல். சமஸ்கிருதத்தின் 'வஜ்ர' அதற்கு உறவு. நம் தச்சர் பலகை ஒட்டும் வச்சிரமும் அந்த வஜ்ரத்திலிருந்து வந்ததே ஆகையால், இங்கே இருதரப்பும் கடனாளிகள்.

அரசனைக் குறிக்கும் 'குனிங்கஸ்' இன்னும் எளிது. எஸ்தோனியத்தில் உண்டு, ஹங்கேரியத்திலோ அரசனுக்கு வேறு சொல். ஆதி ஜெர்மானிய மூலத்தின் இறுதி அசை ஆங்கிலத்தின் 'கிங்', ஸ்வீடியத்தின் 'குங்' ஆகியவற்றில் தேய்ந்துபோக, கடன் வாங்கிய ஃபின்னியத்தில் அது அப்படியே இருக்கிறது. இத்தகைய சொல்லின் தேடலை ஜெர்மானிய மூலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.