பொடி விக்கிறவங்களுக்கு ஒரு நோட்டு ஐடியா

வீட்லயே சாம்பார் பொடி, இட்லி பொடி அரைச்சு விக்கிறவங்க நிறைய பேர் லேபிள்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம்) நம்பர் போட்டா போதும்னு விட்டுடறாங்க, பேட்ச் நம்பரும் (ஒவ்வொரு தடவ அரைக்கிற சரக்குக்கும் போடற தனி நம்பர்) கட்டாயம்ங்க.

நான் ஒரு நோட்டு வெச்சிருக்கேன், மல்லி மிளகா வாங்கின அன்னிக்கே கடை பேரு, பில் நம்பர், எத்தனை கிலோ, எந்த பேட்ச்ல அரைச்சேன், அது எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் போச்சு, எல்லாம் ஒரே வரில எழுதிடுவேன். போன தடவ மல்லில வண்டு, நோட்ட பாத்து மூணே கடைக்கு போன் போட்டு அந்த பேட்ச மட்டும் திருப்பி எடுத்துட்டேன், இல்லன்னா மொத்த சரக்கும் போயிருக்கும்.

பழைய மிச்சத்த புதுசுல கலக்காதீங்க, கலந்தா எந்த மூட்டைன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் 2022 ஜனவரில இருந்து பில்லுலயும் அந்த 14 இலக்க நம்பர் இருக்கணும், துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தா வாங்காதீங்க.